கேள்விக்குறிக்குப் பிறகு

பதினோரு வருடம் நான் வால்களுக்குப் பெயர் வைத்துச் சம்பளம் வாங்கினேன். கல்யாண வீடுகளில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். போனில் ஒரு விளம்பர இணைப்பைத் தட்டுகிறீர்கள். பக்கம் திறக்கிறது. மேலே இருக்கும் முகவரியை யாரும் பார்ப்பதில்லை. அது முடிகிற இடத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும், அதற்குப் பிறகும் என்னென்னவோ நீளமாக ஓடும். அதைத்தான் எங்கள் ஆபீசில் வால் என்போம். நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள், எதன் வழியாக வந்தீர்கள், எந்த விளம்பரம் உங்களைப் பிடித்துத் தள்ளியது என்ற மூன்றும் அதில் இருக்கும். பேருந்து நிலையத்து விளம்பரத் தட்டிக்கு ஒரு வால், சர்க்கரை நோய் முகாமுக்கு ஒரு வால், தேர்த்திருவிழா நோட்டீசுக்கு ஒரு வால். எந்த விளம்பரத்துக்கு ஆள் வருகிறது, எது தண்டம் என்று கண்டுபிடிக்க இந்த ஏற்பாடு. இந்த அளவில் நின்றிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை.

முன்பெல்லாம் பக்கத்தை மூடினால் வாலும் உதிர்ந்துவிடும். அதை உதிராமல் செய்தது எங்கள் நிறுவனம், திசைமானி. 2034-ல் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து எழுபது தனியார் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 'வாசல்' என்ற ஒரே பதிவு முறையை வைத்துக்கொண்டன. அதை நடத்தும் ஒப்பந்தம் எங்களுக்குக் கிடைத்தது. அறுவை சிகிச்சை வேண்டுமானால் வாசலில்தான் பதிய வேண்டும். முதல்முறை எந்த வாலோடு உள்ளே வருகிறீர்களோ, அது உங்கள் பெயரோடு கடைசிவரை ஒட்டிக்கொள்ளும். விளம்பரம் கொடுப்பவர்கள் அப்படித்தான் கேட்டார்கள். பத்து வருடம் கழித்தும் இந்த நோயாளி எங்கள் தட்டியைப் பார்த்து வந்தவர் என்று அவர்கள் மார்தட்டிக்கொள்ள வேண்டுமாம். இதற்கு 'முதல் வழி' என்று பெயர். அந்தப் பெயரையும் நான்தான் வைத்தேன்.

என் பொறுப்பில் ஒரு பட்டியல் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு வால்கள், மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் வாலின் பெயர், இரண்டாவதில் அது எந்த விளம்பரம், மூன்றாவதில் அந்த வாலோடு வருபவரை என்ன செய்ய வேண்டும். என் அனுமதி இல்லாமல் அதில் யாரும் ஒரு புள்ளி வைக்க முடியாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் பெயரின் நடுவில் இடைவெளி விட்டுவிட்டால் அன்றைக்கு அவர்களுக்கு என் வாயால் பூசைதான். 'பட்டியல் சுகந்தி' என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவார்கள். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும்.

அந்தப் பட்டியலில் 'சோதனை' என்று ஒரு வால் உண்டு. புது இணைப்பு செய்தால் அது ஒழுங்காகத் திறக்கிறதா என்று நாங்களே எங்கள் திரையில் தட்டிப் பார்ப்போம். அப்படித் தட்டுவது நோயாளி வந்ததாகக் கணக்கில் ஏறக்கூடாது, ஏறினால் அறிக்கை பொய்யாகிவிடும். அதனால் அந்த வாலுக்கு மூன்றாவது கட்டத்தில் இப்படி எழுதி வைத்திருந்தேன்: 'உண்மையான ஆள் அல்ல. எதிலும் சேர்க்க வேண்டாம்.' இந்த வரியை நான் எழுதி ஆறு வருடம் ஆகியிருந்தது.

என் அக்கா ரங்கநாயகி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறாள். நாற்பத்தாறு வயது. அவள் தைத்த காசில்தான் நான் இன்ஜினியரிங் படித்தேன். அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை, நானும் ஒருநாளும் மறந்ததில்லை. போன பிப்ரவரியில் படியேறும்போது மூச்சு வாங்குகிறது என்றாள். ஸ்கேன் எடுத்ததில் இதயத்தின் ரத்தக் குழாய்களில் மூன்று இடத்தில் அடைப்பு. பைபாஸ்தான் வழி, வருஷக் கடைசிக்குள் செய்துவிடுங்கள் என்றார் டாக்டர்.

வாசலில் எப்படிப் பதிவது என்று அக்கா போனில் கேட்டாள். எனக்கு அப்போது மீட்டிங். என் திரையில் பதிவுப் பக்கம் திறந்தேதான் இருந்தது, அதன் முகவரியை அப்படியே எடுத்து அவளுக்கு அனுப்பிவிட்டு மீட்டிங்குக்கு ஓடினேன். ஐந்து நிமிடத்தில் பதிந்துவிட்டாள். 'தங்கள் பதிவு ஏற்கப்பட்டது. காத்திருக்கவும்' என்று வந்த பதிலைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். நான் கட்டைவிரல் போட்டேன்.

மூன்று மாதம் ஆயிற்று, ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சுகி, நீ அந்த ஆபீஸ்லதானே இருக்கறே. ஒரு வார்த்த சொல்ல முடியாதா?"

அன்றைக்கு நான் அவளுக்கு ஒரு சொற்பொழிவே நடத்தினேன். வாசலின் வரிசையை மனிதர்கள் போடுவதில்லை, இயந்திரம் போடுகிறது. அது ஸ்கேனைப் பார்க்கும், ரத்தத்தைப் பார்க்கும், வயதைப் பார்க்கும், முகத்தைப் பார்க்காது. சிபாரிசு என்ற அசிங்கத்தை ஒழிப்பதற்காகத்தான் இதைக் கட்டினோம், அதில் என் அக்காவுக்கே நான் சிபாரிசு செய்தால் நான் என்ன மனுஷி என்றெல்லாம் பேசினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, சரி கண்ணு, நீ சொன்னாச் சரி என்று கிளம்பினாள். மாடிப் படியிறங்கும்போது இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

செப்டம்பரில் அவளே போனில் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். அவளோடு அதே லைனில் தைக்கும் மல்லிகாவுக்கும் இதயத்தில் அடைப்பு, ஒரே ஒரு அடைப்பு. பஸ் ஸ்டாண்டு தட்டியைப் பார்த்து ஜூனில் பதிந்தவள் போன வாரம் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்துவிட்டாளாம். அக்காவின் குரலில் பொறாமை இல்லை. மல்லிகாவுக்குச் சரியான சந்தோஷத்தில்தான் சொன்னாள். எனக்குத்தான் கணக்கு உதைத்தது. மூன்று அடைப்புக்காரி பிப்ரவரியிலிருந்து காத்திருக்கும்போது, ஒரு அடைப்புக்காரி ஜூனில் வந்து எப்படி முன்னால் போனாள்?

மறுநாள் காலை இம்தியாசிடம் போனேன். வரிசை போடும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன் அவன். கோவையில் கரும்புக்கடைப் பகுதிக்காரன், என்னை அக்கா என்பான், என்னிடம் பயம் கிடையாது. பெயரையும் பதிவு எண்ணையும் கொடுத்தேன். தட்டிப் பார்த்தான். மறுபடி தட்டினான்.

"அக்கா, இவங்க வரிசைலயே இல்லீங்களே."

பதிவு இருக்கிறதே என்றேன். பதிவு இருக்கிறது, ஸ்கேன் இருக்கிறது, எல்லாம் இருக்கிறது, வரிசையில் மட்டும் ஆள் இல்லை என்றான். எந்த வால் என்று கேட்டேன். திரையை என் பக்கம் திருப்பினான். முதல் வழி என்ற இடத்தில் 'சோதனை' என்று இருந்தது.

மீட்டிங்குக்கு ஓடிய அந்த நிமிடம் எனக்கு ஞாபகம் வந்தது. திரையில் திறந்திருந்தது நான் சோதித்துக்கொண்டிருந்த இணைப்பு. நானூறு பேரை வால் விஷயத்தில் திட்டியவள், என் அக்காவுக்கு அனுப்பும்போது கேள்விக்குறிக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அவள் மேல் 'உண்மையான ஆள் அல்ல' என்ற வாலை ஒட்டி அனுப்பியது நான்தான்.

ஆனால் ஒன்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பட்டியல் விளம்பர அறிக்கைக்காகச் செய்தது. அதற்கும் ஆப்பரேஷன் வரிசைக்கும் என்ன சம்பந்தம்? இம்தியாஸ் தலையைச் சொறிந்தான்.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி மெஷினுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தப்ப, இருக்கற எல்லாத்தையும் குடுன்னாங்க. உங்க லிஸ்ட்டையும் சேத்துக் குடுத்தோம். அது மூணாவது கட்டத்தப் படிச்சுப் பழகிருச்சுக்கா. முகாம்ல வந்தவங்க பாதிப் பேரு ஆப்பரேசனுக்குத் திரும்ப வரமாட்டாங்கன்னு அவங்களப் பின்னால தள்ளுது. சோதனைன்னா ஆளே இல்லைன்னு நெனச்சுக்குது."

"இதை யாரும் எங்கிட்டச் சொல்லலையே."

"யாருக்கும் தோணலைக்கா. வால்தானேன்னு விட்டுட்டோம்."

அந்த வாலோடு இன்னும் எத்தனை பேர் என்று கேட்டேன். எங்கள் ஆட்கள் சோதித்துப் பார்க்கப் போட்ட பொய்ப் பதிவுகளைக் கழித்துப் பார்த்தான். இருநூற்றுப் பதினேழு பேர். முக்கால்வாசி திருப்பூர் முகவரி. எப்படி என்று யோசிக்கவே வேண்டியதில்லை. அக்கா அந்த இணைப்பைத் தன் லைன் குரூப்பில் போட்டிருப்பாள், என் தங்கச்சி அனுப்பியது, நம்பிப் பதியலாம் என்று. அங்கிருந்து செக்கிங் குரூப், அயர்னிங் குரூப், பக்கத்துக் கம்பெனி. நம் ஊரில் யாராவது இணைப்பின் வாலை நறுக்கிவிட்டு ஃபார்வர்டு செய்வார்களா? வந்தது வந்தபடி போகும். இருநூற்றுப் பதினேழு பேரும் பிப்ரவரியிலிருந்து 'காத்திருக்கவும்' என்ற ஒரு சொல்லை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இதுல நாலு பேர் இல்லக்கா. எறந்துட்டாங்க. டெத் சர்டிபிகேட் ஏறியிருக்கு."

எங்கள் மாத அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி வரும். காத்திருப்பில் இறந்தவர்கள்: பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்காக மார்ச் மாதம் கேக் வெட்டினோம். எனக்கு ஒரு துண்டு கூடுதலாகக் கொடுத்தார்கள், பட்டியலைச் சுத்தமாக வைத்திருந்ததற்காக.

எங்கள் இயக்குநர் சங்கமேஸ்வரன் நல்ல பேச்சுக்காரர். கத்தமாட்டார், மேசையைத் தட்டமாட்டார், டீ வரவழைத்துவிட்டுத்தான் பேசுவார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், என் தவறை முதலில் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். வருத்தமாக இருக்கிறது என்றார். ஆனால் முதல் வழியை மாற்ற முடியாதாம். அது பூட்டிய விவரம், அதில் கை வைத்தால் விளம்பரக்காரர்களோடு போட்ட ஒப்பந்தம் முறியுமாம். வேண்டுமானால் புகார்ப் பிரிவில் ஒரு டிக்கெட் போடுங்கள், தணிக்கைக் குழு தொண்ணூறு நாளில் பார்க்கும் என்றார்.

அக்காவுக்குத் தொண்ணூறு நாள் இல்லை, வருஷக் கடைசிக்குள் ஆப்பரேஷனே முடிந்திருக்க வேண்டும் என்றேன்.

"சுகந்தி, உணர்ச்சிவசப்படாதீங்க. இருநூத்துப் பதினேழுங்கறது நம்ம மொத்தத்துல எவ்வளவு? அரை சதவீதம்கூட வராது. எந்த முறையிலயும் கொஞ்சம் சிந்தத்தான் செய்யும்."

சிந்தியதாம். பால் சிந்தினால் துடைத்துவிடலாம். நாலு வீட்டில் படம் மாட்டி மாலை போட்டிருக்கிறார்கள், இந்த மனிதர் டீயை ஆற்றிக்கொண்டே சிந்தியது என்கிறார். எழுந்து வந்துவிட்டேன், இல்லாவிட்டால் அந்த டீ அவர் சட்டையில் இருந்திருக்கும். ஆனாலும் டிக்கெட் போட்டேன். 'பெறப்பட்டது. காத்திருக்கவும்' என்று பதில் வந்தது.

இம்தியாஸ் சாப்பாட்டு இடைவேளையில் என்னைத் தேடி வந்தான். பட்டியலின் எந்த வாலுக்கு எத்தனை நாள் காத்திருப்பு என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறான். முகாமில் வந்தவர்களுக்கு சராசரி ஏழு மாதம். தட்டியைப் பார்த்து வந்தவர்களுக்கு மூன்று மாதம். 'விருந்தினர்' என்ற வாலோடு வந்தவர்களுக்கு மூன்று நாள்.

விருந்தினர் வால் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வாசலின் திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள், அழைப்பிதழில் ஒரு இணைப்பு வைக்க வேண்டும், அவர்கள் பக்கத்தைத் திறந்தால் நன்றாகக் கவனிக்கச் சொல்லுங்கள் என்று சங்கமேஸ்வரன் வாய்மொழியாகச் சொன்னார். 'முதலில் கவனிக்கவும்' என்று மூன்றாவது கட்டத்தில் எழுதினேன். விழா முடிந்ததும் நீக்க மறந்தேன். அவர்கள் யாரும் மறக்கவில்லை. அந்த இணைப்பு வீடு வீடாக, உறவு உறவாகப் போயிருந்தது. முப்பத்தொரு பேர். அதில் ஒருவருக்கு மூக்கை நேராக்கியிருக்கிறார்கள். இப்போது கடைசியாகப் பதிந்திருந்த பெயர் சங்கமேஸ்வரனின் மாமியார், முட்டி மாற்று சிகிச்சை.

சிபாரிசை ஒழித்துவிட்டோம் என்று என் அக்காவிடம் மணிக்கணக்கில் பேசினேனே. அது ஒழியவில்லை. என் பட்டியலிலேயே, என் கையெழுத்திலேயே, இடைவெளி விடாமல் சுத்தமாக உட்கார்ந்திருந்தது.

அன்று மாலை திருப்பூர் போனேன். அக்கா வேலைக்குப் போவதை நிறுத்திப் பத்து நாள் ஆகியிருந்தது. தலையணையை மூன்றாக அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். என் தவறையும் சொன்னேன். மீட்டிங் இருந்துதுன்னு சொன்னியே அன்னிக்கா என்று மட்டும் கேட்டாள்.

ஒரு வழி இருக்கிறது என்றேன். பூட்டியிருப்பது அவள் மேல் ஒட்டிய வால்தான். வாலுக்கு என்ன அர்த்தம் என்பது என் பட்டியலில் இருக்கிறது, அது பூட்டவில்லை. அவள் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, இந்த ஒருவரை விருந்தினராகக் கொள்ளவும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மூன்று நாளில் ஆப்பரேஷன்.

"மீதிப் பேரு?"

மீதிப் பேருக்குத் தணிக்கைக் குழு என்றேன்.

அக்கா சாதாரணமாகக் கோபப்படமாட்டாள். அன்றைக்குப் பட்டாள், மூச்சை இழுத்து இழுத்துக்கொண்டு.

"அந்த லிங்க்க அவிங்களுக்கு அனுப்புனது நானு. என்ற தங்கச்சி குடுத்துதுன்னு சொல்லி அனுப்புனேன். எங்க லைன்ல தைக்கற காளியம்மா புருசனுஞ் செத்துப்போனாரு, அந்த நாலுல அவரும் ஒருத்தரு. எழவுக்குப் போயி அவ பக்கத்துல உக்காந்துட்டு வந்தேன். இப்ப என்னய மட்டும் தூக்கி முன்னால வெச்சீன்னா, லைன்ல எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போயி உக்காருவேன்?"

அப்படியென்றால் இருநூற்றுப் பதின்மூன்று பேரையும் விருந்தினர் ஆக்கிவிடுகிறேன் என்றேன்.

"அப்ப அவிங்களுக்கு முன்னால நிக்கறவிங்க? முகாம்ல பதிஞ்சவிங்க? அவிங்களும் நோயாளிங்கதானே."

எனக்கு எரிச்சல் வந்தது. சாகக் கிடக்கிறவள் நியாயம் பேசினால் பக்கத்தில் இருப்பவளுக்கு வேறென்ன வரும்? பின்னே என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கத்தினேன்.

"அன்னிக்கி நீ சொன்னியே, மெசினு மூஞ்சியப் பாக்காது, நோவத்தான் பாக்கும்னு. அந்த மாதிரி ஒண்ண நெசமாவே பண்ண முடியாதா உன்னால?"

முடியும். ஐந்து நிமிட வேலை. அதை யாரும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் அக்டோபர் முதல் தேதி. மாதத்தின் முதல் தேதி பதினோரு மணிக்கு இயந்திரம் என் பட்டியலைப் புதிதாக எடுத்துப் படிக்கும். பதினொன்றரைக்கு மாத அறிக்கை தானாகத் தயாராகி எழுபது ஆஸ்பத்திரித் தலைவர்களுக்கும் போகும். பத்தரை மணிக்கு எல்லோரும் போண்டா சாப்பிடப் போனார்கள். நான் பட்டியலைத் திறந்தேன். முதல் இரண்டு கட்டங்களைத் தொடவில்லை. எந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தார்கள் என்று வேண்டியவர்கள் தாராளமாக எண்ணிக்கொள்ளட்டும். மூன்றாவது கட்டத்தை மேலிருந்து கீழ்வரை தேர்ந்தெடுத்தேன். முதலில் கவனிக்கவும், பிறகு பார்க்கலாம், திரும்ப வருவது சந்தேகம், உண்மையான ஆள் அல்ல. நானூற்றுப் பன்னிரண்டு வரிகள், பதினோரு வருடத்து உழைப்பு. அழித்துவிட்டு, சேமித்துவிட்டு, நானும் போண்டா சாப்பிடப் போனேன். சூடாக இருந்தது, சட்னிதான் நீர்த்துப்போயிருந்தது.

பதினொன்று ஐந்துக்கு இம்தியாஸ் தன் இடத்திலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் தலையாட்டினேன். திரும்பிக்கொண்டு தட்டினான். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். அக்கா முப்பத்தெட்டாவது இடத்தில் இருந்தாள்.

முதலில் வயிறு எரிந்தது. அவளைவிட மோசமான நிலைமையில் முப்பத்தேழு பேர் இருக்கிறார்கள் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அவர்களில் இருபத்தொன்பது பேர் முகாம் வால்காரர்கள். எழுபது ஆஸ்பத்திரிகளும் சேர்ந்தால் முப்பத்தெட்டு என்பது சில நாள் கணக்குத்தான் என்றான் இம்தியாஸ்.

பதினொன்றரைக்கு அறிக்கை போயிற்று. அதில் எந்த வாலும் வடிகட்டப்படவில்லை. காத்திருப்பில் இறந்தவர்கள் என்ற இடத்தில் பூஜ்யம் இல்லை. சோதனை வாலில் நாலு பேர், பின்னால் தள்ளப்பட்டு 'இனி வரமாட்டார்கள்' என்று மூடப்பட்டிருந்த முகாம் வாலில் அறுபத்திரண்டு பேர். பெயர், வயது, ஊர் எல்லாம் இருந்தன. ஒரு மணிக்குள் ஆஸ்பத்திரிகளிலிருந்து பெரிய டாக்டர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். இதைப் பார்த்த பிறகு பழைய மூன்றாவது கட்டத்தைத் திரும்பப் போடுங்கள் என்று சொல்ல அவர்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மூன்று மணிக்கு சங்கமேஸ்வரன் என் எண்ணுக்கே அழைத்தார். அறிக்கையைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்தேன். அவர் குரல் வழக்கம்போல மென்மையாக இருந்தது.

"சுகந்தி, எங்க அத்தைக்கு நாளைக்கி முட்டி ஆப்பரேசன். இப்பப் பாத்தா காத்திருக்கவும்னு வருது. நாலாயிரத்துச் சொச்சத்துல நிக்குது. என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்."

"ஒரு டிக்கெட் போட்டுருங்க சார். தொண்ணூறு நாள்ல பாப்பாங்க."

சாயங்காலம் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். செக்யூரிட்டி கணேசன் கேட் வரைக்கும் கூட வந்தார், வரவேண்டும் என்று உத்தரவாம். பாவம், அவர்தான் என்னைவிட அதிகமாகக் கூனிக் குறுகிப்போனார். இம்தியாசை ஒன்றும் செய்யவில்லை. இயந்திரம் அவனுக்கு மட்டும்தான் புரியும்.

அக்காவுக்கு ஏழாம் நாள் ஆப்பரேஷன் நடந்தது. பத்தாம் நாள் பொது வார்டுக்கு மாற்றினார்கள். பதினாறு கட்டில். நெஞ்சில் தையலோடு சாய்ந்து உட்கார்ந்து, வலப்பக்கத்துக் கட்டில்காரியோடு பேச்சு. அந்த அம்மா அந்தியூர், கண் முகாமுக்கு வந்த இடத்தில் இதயத்தைப் பதிந்தவர். உங்களுக்கு யாரு சிபாரிசு என்று அக்காவைக் கேட்டார். சிபாரிசெல்லா ஒண்ணுமில்லீங், நோவுதானுங் கூட்டிட்டு வந்துச்சு என்றாள் அக்கா. அதைக் கேட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்தால் எனக்கு மூக்கு சிவந்துவிடும்.

அப்போது அக்காவின் போன் ஒலித்தது. அடுத்த நொடி பக்கத்துக் கட்டிலில் ஒலித்தது, அதற்கடுத்த கட்டிலில், எதிர்வரிசையில். வாசலிலிருந்து எல்லோருக்கும் ஒரே செய்தி. 'பழைய பதிவேட்டில் ஏற்பட்ட குறைபாட்டுக்கு வருந்துகிறோம். தங்கள் தொடர் சிகிச்சைக்காகப் புதிய பதிவேட்டில் சேர, கீழே உள்ள இணைப்பைத் தட்டவும்.' முடிவில் ஒரு பூங்கொத்துப் படம்.

அக்கா தட்டப் போனாள். அவள் விரலைப் பிடித்து நிறுத்தினேன். போனை வாங்கி, தட்டாமல், அந்த இணைப்பை மட்டும் எடுத்து நீளமாக விரித்துப் பார்த்தேன். கேள்விக்குறி இருந்தது. அதற்குப் பிறகு வால் இருந்தது. 'தகராறு'.

அந்தியூர் அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தேன். 'முகாம்_தகராறு'. எதிர்க்கட்டிலில் ஒரு பெரியவர், தட்டியைப் பார்த்து வந்து எந்த வம்பிலும் சேராதவர். அவருக்கு 'சாது' என்று வைத்திருந்தார்கள். இடைவெளி இல்லை, எழுத்துப் பிழை இல்லை. என் நாற்காலியில் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள், வேலையை நன்றாகக் கற்றுக்கொண்டும் இருக்கிறார்கள். அடுத்த மாதம் அக்கா தையல் காட்ட வரும்போது, அவளுக்கு மறுபடி மூச்சு வாங்கும்போது, மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. எழுதியிருப்பார்கள் என்பது தெரியும். நெஞ்சைப் பிளந்து தைத்து மூன்று நாளே ஆன ஒரு பொம்பளைக்கு வருத்தம் தெரிவித்து, பூங்கொத்து கொடுத்து, தகராறு என்று பெயர் வைக்கிறார்கள். 

"என்ன சுகி, மறுபடியும் வாலா?" என்றாள் அக்கா.

ஆமாம் என்றேன். கேள்விக்குறியில் விரலை வைத்து, அதற்குப் பின்னால் இருந்ததை எல்லாம் ஒவ்வொரு எழுத்தாக அழித்துக் காட்டினேன், அக்காவுக்குப் புரிய வேண்டுமே என்று நிதானமாக. வெறும் முகவரி மட்டும் மிஞ்சியது. இப்போ தட்டு என்றேன். தட்டினாள். பக்கம் திறந்தது. முதல் வழி என்ற இடம் வெறுமையாக இருந்தது.

அக்கா போனைத் தலையணைக்கு அடியில் வைக்கவில்லை. தன் லைன் குரூப்பைத் திறந்து, எழுத முடியாமல், குரலில் பேசி அனுப்பினாள்.

"ஏனுங், ரங்கநாயகி பேசறேன். வாசல்ல இருந்து ஒரு லிங்க் வந்திருக்கும், ஆரும் அப்பிடியே தட்டீராதீங்க. கேள்விக்குறிக்கு அப்பறம் இருக்கறத அழிச்சுப்போட்டுத் தட்டுங்க. அழிக்காம ஆருக்கும் அனுப்பவுஞ் செய்யாதீங்க."

அதற்குள் அந்தியூர் அம்மா தன் போனை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் எதிர்வரிசைப் பெரியவர், சலைன் பாட்டில் மாட்டிய கம்பியை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, கட்டில் கட்டிலாகப் பிடித்து நடந்து வந்தார். எனக்கும் அழிச்சு விடு கண்ணு என்றார். உங்களுக்கு நல்ல பெயர்தான் வைத்திருக்கிறார்கள் ஐயா, இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன்.

"என்ன பேரு?"

சொன்னேன். அவர் போனை என் கையில் வைத்தார்.

"அத மொதல்ல அழி" என்றார்.